கார்பெட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பெர்ஷியன் கார்பெட் ரிப்பேர் வேலையைப் பத்தி ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தனுங்க, அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. நீங்க யாருன்னு கேட்டவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். பவானியில ஜமுக்காளத் தறி ஓட்டுன குடும்பம் எங்களுது, 23 வயசுல துபாய் போயி, அங்க தேராங்கிற பகுதியில, ஈரானோட தப்ரீஸ் ஊர்க்காரங்க ஒரு குடும்பமா நடத்துற கார்பெட் கடையில சேர்ந்து 19 வருஷம் இருந்தேன், அதுல முக்கால்வாசி நாளு பின்பக்க ரிப்பேர் ரூம்லதான். கடைப் பெரியவரை எல்லாரும் ஹாஜ் ஆகான்னு கூப்பிடுவோம், கீழ பதில்ல அவரு அடிக்கடி வருவாரு.

கேள்வி: எக்சிபிஷன்ல 'ஒரிஜினல் பெர்ஷியன் சில்க்'னு சொல்லி 60 பர்சன்ட் தள்ளுபடியில 65 ஆயிரத்துக்கு ஒரு கார்பெட் வாங்கிட்டேன் சார். ஏமாந்துட்டன்னு வீட்டுக்காரர் சொல்றார். எப்படிக் கண்டுபிடிக்கிறது? (வாசகி, கோவை)

அம்மா, முதல்ல அதைக் குப்புறப் போடுங்க. கார்பெட்டோட முகம் மேல இல்ல, அடியிலதான் இருக்கு. கையால முடிச்சுப் போட்டதுன்னா மேல இருக்கிற பூ, கொடி எல்லாம் அடியிலயும் அதே கலர்ல அப்படியே தெரியும், ஒவ்வொரு முடிச்சும் ஒரு சின்ன மணி மாதிரி இருக்கும், வரிசை லேசா வளைஞ்சு நெளிஞ்சு போகும். மெஷின் கார்பெட்ல வரிசை ரூலர் வெச்சுக் கோடு போட்டாப்ல இருக்கும். அடியில துணி ஒட்டி மூடியிருந்தா கையால சொருகி பசை போட்டது, அதுக்கு முடிச்சே கிடையாது. அடுத்தது குஞ்சம். கைத்தறி கார்பெட்ல குஞ்சம்ங்கிறது பாவு நூலோட, அதாவது நீளவாக்குல ஓடற நூலோட நுனியேதான், உள்ளேயிருந்து வரும். தனியா தைச்சு ஒட்டியிருந்தா உடனே சந்தேகப்படுங்க.

பட்டான்னு பாக்க மேல்பக்கத்துல ரெண்டு மூணு இழையைக் கத்தரிச்சுப் பத்த வையுங்க. பட்டும் கம்பளியும் முடி கருகுற நாத்தம் அடிக்கும், தேய்ச்சா கரித்தூளா உதிரும். பேப்பர் எரியிற வாசம் வந்துச்சுன்னா அது விஸ்கோஸ், 'ஆர்ட் சில்க்'னு விக்கிறது பெரும்பாலும் அதுதான்.

நம்ம ஊர் கண்காட்சிக்கு வர்ற சரக்கு பெரும்பாலும் காஷ்மீர்தான் அம்மா. டிசைன் பெர்ஷியன், நெசவு காஷ்மீர். அது மட்டமான சரக்கே இல்ல, நல்ல காஷ்மீர் பட்டுக் கார்பெட்டை ஹாஜ் ஆகாவே கையில எடுத்தா கீழ வைக்க மாட்டாரு. ஆனா காஷ்மீர்னு சொல்லி விக்கணும், அவ்வளவுதான் என் வருத்தம். அதே மாதிரி ஈரான்ல கார்பெட்டுக்குப் பேர் போன ஊரு 'காஷான்', அந்தப் பேருல லேபிள் இருந்தாலே கைவேலைன்னு நம்பிடாதீங்க, ஈரான்ல மெஷின் கார்பெட் ஆலைங்க நெறைய இருக்கிறதும் அந்தக் காஷான் வட்டாரத்துலதான்.

கேள்வி: எங்க கார்பெட்ல நீலம் ஒரு பக்கம் கருநீலமாவும் பாதிக்கு மேல வெளிர் நீலமாவும் மாறுது. சாயம் போயிருச்சா? வேணும்னே ஒரு தப்பு விட்டு நெய்வாங்கன்னு சொல்றது நெசமா? (வாசகர், மதுரை)

சாயம் போகல தம்பி. அதுக்கு அப்ராஷ்னு பேரு. கம்பளி நூலைச் சின்னச் சின்ன சட்டியில, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாயம் ஏத்துவாங்க, ஒரு வாட்டி ஏத்துன நூல் தீர்ந்து அடுத்த வாட்டி நூல் வரும்போது கலர் ஒரு சுத்து மாறிடும். நீலம்னா அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியோட வேர், அதை அங்க ரூனாஸ்ங்கிறாங்க, பழுப்புக்கு வால்நட் தோடு, மஞ்சளுக்கு மாதுளந்தோலு கூடப் போடுவாங்க. அப்ராஷ் இருந்தா நான் சந்தோஷப்படுவேன், காஷ்கை நாடோடிங்க நெய்த கார்பெட்ல அது வானத்துல மேகம் போற மாதிரி இருக்கும். ஆனா இப்பல்லாம் அதையும் வேணும்னே செய்யறாங்க, அதனால அதை மட்டும் வெச்சுப் பழசுன்னு முடிவு பண்ணாதீங்க.

கடவுள் மட்டும்தான் குறையில்லாதவர், அதனால நெய்யிறவங்க ஒரு தப்பு விடுவாங்கங்கிறது விக்கிறவங்களுக்குப் புடிச்ச கதை. எங்க கடைக்கு வந்த நெசவுக்காரம்மா ஒருத்தர்கிட்ட இதைக் கேட்டேன், அவங்க என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, 'தப்பு தானா வரும், அதை ஏன் நான் வேற போடணும்'னாங்க.

கேள்வி: எங்க அப்பா 1970கள்ல ஈரான்ல வேலை பாத்தப்ப வாங்கிட்டு வந்த 6க்கு 9 கார்பெட். அவர் போனதுக்கப்புறம் பரண்ல கிடந்துச்சு. எலி ஒரு மூலையைக் கடிச்சிருச்சு, நடுவுல கையளவு ஓட்டை, மடிச்ச இடத்துல படபடன்னு சத்தம் வருது. ஒரு கடையில 'தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க'ன்னுட்டாங்க. மனசு கேக்கல அண்ணே. (வாசகர், திருச்சி)

தூக்கிப் போடாதீங்க தம்பி, இந்த பதிலை எழுதத்தான் நான் இன்னைக்கு உக்காந்ததே.

முதல்ல அந்தப் படபட சத்தம். அது பருத்திப் பாவு இத்துப் போய் உடையற சத்தம். ஈரம் பட்டு, காத்து இல்லாம கிடந்தா மேல கம்பளி நல்லா இருக்கும், அடியில நூல் அப்பளமாயிடும். இனிமே அதை மடிக்கவே மடிக்காதீங்க, உருட்டித்தான் வைக்கணும். சத்தம் வர்ற இடம் மடிப்புக்கோட்டோட நின்னுதுன்னா காப்பாத்தலாம். கார்பெட் முழுக்க எங்க தொட்டாலும் சத்தம்னா, நல்லா இருக்கிற துண்டை வெட்டி எடுத்து சட்டம் போட்டு அப்பா நினைவா மாட்டுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ஓட்டையை அடைக்கிறது எப்படின்னா, நம்ம ஊர் டார்னிங் கடையில ரஃபூன்னு சொல்றோமே, அந்த வார்த்தையே பார்சியில இருந்து வந்ததுதான், அங்க ரொஃபூன்னு சொல்லுவாங்க, செய்யறவரு ரொஃபூகர். முதல்ல கழுவணும், அழுக்கோட கலர் பாத்து நூல் எடுத்தா அப்புறம் கழுவுனதும் ஒட்டுப் போட்ட இடம் காட்டிக் குடுத்துடும். கழுவிக் காயவெச்சு, பலகையில ஆணி அடிச்சு இழுத்து விறைப்பா கட்டி, ஓட்டையைச் சுத்தி இத்துப் போன நூலையெல்லாம் எடுத்துட்டு, நல்லா இருக்கிற பாவுக்குள்ள ஒரு அங்குலமாச்சும் ஊசியை உள்ள விட்டுப் புதுப் பாவு இழுக்கணும், ஒண்ணு விடாம, பழைய பாவு எத்தனை இருந்துச்சோ அத்தனை. அப்புறம் ஊடை, குறுக்கால போற நூலு. அதுக்கப்புறந்தான் முடிச்சு. தப்ரீஸ் கார்பெட்ல ரெண்டு பாவையும் சுத்திக் கட்டுற முடிச்சு, காஷான், கெர்மான்லயெல்லாம் ஒரு பாவை மட்டும் சுத்துற முடிச்சு, மாத்திப் போட்டா முடி சாயற திசையே மாறிடும். டிசைன் காணாமப் போயிருந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பெரும்பாலான கார்பெட்ல இந்த மூலையில என்ன இருக்கோ அதுவே எதிர் மூலையிலயும் இருக்கும், அதை அடியில திருப்பி முடிச்சு முடிச்சா எண்ணிக் கட்டம் போட்ட தாள்ல எழுதிக்கணும். எலி கடிச்ச உங்க மூலைக்கும் அதே வழிதான்.

கணக்கு பாருங்க. தப்ரீஸ்ல ரஜ்னு ஒரு அளவு உண்டு, சுமார் 7 சென்டிமீட்டருக்கு எத்தனை முடிச்சுன்னு. 50 ரஜ் கார்பெட்டுன்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 51 முடிச்சு. உங்க கையளவு ஓட்டை 10க்கு 10 சென்டிமீட்டர்னு வெச்சுக்கிட்டா 5,100 முடிச்சு ஆச்சு. தறியில புதுசா நெய்யறவங்க ஒரு நாளுல ஆயிரக்கணக்குல போட்டுட்டுப் போயிடுவாங்க, ஓட்டைக்குள்ள ஊசியில போடறப்ப எனக்கு நல்ல நாளுல 250 வரும், அதுவே 20 நாள், பாவு ஊடை வேலை தனி. கூலி அதிகம்னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் பாக்கணும். உங்க அப்பாவோடது முரட்டு முடிச்சு போடற ஹமதான், ஹெரிஸ் ஊர்க் கார்பெட் மாதிரி இருந்தா இதுல நாலுல ஒரு பங்குகூட ஆகாது, அதனால முதல்ல ஒரு ஸ்கேல் வெச்சு அடியில எண்ணிப் பாத்து எனக்கு எழுதுங்க.

நான் தனியா செஞ்ச முதல் ஓட்டை ஒரு ஹெரிஸ்ல, பூச்சட்டி வெச்ச இடம், தண்ணி இறங்கி இறங்கி வட்டமா இத்துப் போயிருந்துச்சு. 11 நாள் உக்காந்தேன். கலர் அப்படிப் பொருந்துச்சு, நூலுக்கு ஒரு கிழிஞ்ச பழைய கிலிமைப் பிரிச்சு எடுத்திருந்தேன். கிலிம்னா நம்ம பவானி ஜமுக்காளம் மாதிரிதாங்க, முடிச்சு கிடையாது, பாவும் ஊடையும்தான். அந்தப் பழைய நூல்ல இருக்கிற வயசைப் புது நூல்ல கொண்டுவரவே முடியாது. ஹாஜ் ஆகா வந்தாரு, மேல பாக்கவே இல்ல. ஆணியைக் கழட்டித் தரையில விரிக்கச் சொன்னாரு. விரிச்சா, நான் போட்ட இடம் மட்டும் ஆப்பத்து நடுவு மாதிரி லேசா உப்பிக்கிட்டு நிக்குது. ஊடையை நான் நெருக்கி அடிச்சுட்டேன், பழைய ஊடை ரெண்டு சென்டிமீட்டர்ல எத்தனை இருந்துச்சோ அதைவிட ரெண்டு கூட. பவானித் தறியில அடிச்ச கை, நெருக்கித்தான் அடிக்கும். கத்தரியை எடுத்து என் கையில குடுத்தாரு. திட்டல. நானே வெட்டி எடுத்தேன், கண்ணு கலங்கிருச்சு, திரும்ப 12 நாள். அந்த ரெண்டு ஊடைதான் எனக்குத் தொழில் கத்துக் குடுத்துச்சு.

அடியில பசை தடவித் துணி ஒட்டித் தர்றோம், 2 நாள்ல ஆயிடும்னு யாராச்சும் சொன்னா குடுக்காதீங்க தம்பி. அந்த ரப்பர் பசை கொஞ்ச வருஷத்துல காஞ்சு கெட்டியாகி, ஒட்டுன இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற நல்ல பாவையும் சேர்த்து உடைக்கும்.

கேள்வி: ரிப்பேர் பண்ணுன கார்பெட்டுக்கு மதிப்பு குறையாதா? (வாசகி, பெங்களூரு)

செஞ்சதைச் சொல்லிட்டா பெருசா குறையாது, மறைச்சாத்தான் பிரச்சினை. உலகத்துலயே பேர் போன கார்பெட்டே ரிப்பேர் பண்ணதுதான் அம்மா. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கிற அர்தபீல் கார்பெட், ஓரத்துல மக்சூத் காஷானிங்கிற பேரும் ஹிஜ்ரி 946ங்கிற வருஷமும் நெய்திருக்கும், அதாவது 1539-40. நீளம் பத்தரை மீட்டர். ஜோடியா ரெண்டு இருந்துச்சு, ரெண்டுமே சேதமாகி 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில விலைக்கு வந்தப்ப, ஒண்ணை வெட்டி அந்தத் துண்டை வெச்சு இன்னொண்ணை முழுசாக்கிட்டாங்க. அதை 1893ல மியூசியம் 2,000 பவுண்டுக்கு வாங்குச்சு. வெட்டுப்பட்ட ஜோடி சுத்து பார்டர் இல்லாம இப்ப லாஸ் ஏஞ்சலஸ் மியூசியத்துல கிடக்கு. லண்டன்ல இருக்கிறதுக்குக் கலர் போயிடக் கூடாதுன்னு அரைமணிக்கு ஒரு தடவை 10 நிமிஷம் மட்டும்தான் லைட் போடறாங்க. எனக்கு அந்த ரெண்டாவது கார்பெட்டை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கும். எங்க கடையில நல்ல கார்பெட்டை அறுத்து இன்னொண்ணுக்கு ஒட்டவே கூடாதுன்னு சட்டம், ஏற்கனவே கிழிஞ்சு போன கிலிமோட நூல் மட்டும்தான் எடுக்கலாம்.

மறைக்கிற வேலைன்னு நான் சொல்றது எதுன்னா, முடி தேஞ்சு வெள்ளைப் பாவு தெரியிற இடத்துல மார்க்கர்ல கலர் அடிச்சு விக்கிறது. வாங்கறப்ப வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சு அழுத்தித் தேய்ங்க, கலர் ஒட்டுனா கடையை விட்டு வெளிய வந்துடுங்க.

கேள்வி: குடும்பமா இந்த யாவாரம் எப்படி நடக்குது? மெஷின் கார்பெட் வந்த பிறகும் தாக்குப் பிடிக்க முடியுதா? (வாசகர், ஷார்ஜா)

ஹாஜ் ஆகாவோட அப்பாவுக்குத் தப்ரீஸ் பஜார்ல முசஃபரியேங்கிற கூடத்துல ஒரு சின்ன அறை, கார்பெட்டுக்குன்னே இருக்கிற செங்கல் வளைவுக் கூடம் அது. பெரிய மகன் தெஹ்ரான் பஜார், நடு மகன் ஜெர்மனியில ஹாம்பர்க் துறைமுகத்துப் பழைய கிடங்குத் தெரு, ஈரான்காரங்க கார்பெட் கிடங்கு அங்க தலைமுறையா இருக்கு, சின்ன மகன்தான் துபாய் வந்த எங்க முதலாளி ஹாஜ் ஆகா. ஒருத்தர்கிட்ட விக்காததை இன்னொருத்தர் ஊர்ல விப்பாங்க. சரக்கு முக்கால்வாசி காசு குடுத்து வாங்கறதில்ல, அமானத்துன்னு எடுத்துட்டு வந்து வித்த பிறகு காசு. நம்ம ஊர் பாய்மாருங்க அமானிதம்னு சொல்றாங்களே அதே சொல்லு, அதே பொருள். சீட்டு கூட சில நேரம் இருக்காது, பேர் கெட்டா தொழிலே போச்சு. வீட்டுப் பொம்பளைங்க கடைக்கு வர மாட்டாங்க, ஆனா எந்தக் கலருக்கு எந்த நூல்னு முடிவு பண்றது ஹாஜ் ஆகாவோட அக்கா. நூல் சிட்டத்தை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, 'இது வெயில்ல பத்து நாள் கிடக்கட்டும்'னு சொல்லுவாங்க.

தாக்குப் பிடிக்கிறது கஷ்டந்தாங்க. மெஷினைவிட அமெரிக்கத் தடை பண்ணுன சேதாரம் அதிகம். 1987ல ஈரான் சரக்குக்குத் தடை போட்டாங்க, 2000ல கார்பெட்டுக்கு மட்டும் விலக்கு குடுத்தாங்க, 2010ல திரும்பத் தடை, 2016ல எடுத்தாங்க, 2018 ஆகஸ்ட்ல மறுபடி. 2017ல 40 கோடி டாலருக்கு மேல போயிட்டிருந்த ஈரான் கார்பெட் ஏற்றுமதி அதுக்கப்புறம் 10 கோடிக்கும் கீழ விழுந்துருச்சு. 2018ல திருப்பி வந்த ஒரு கட்டுச் சரக்கை நான்தான் பிரிச்சேன், ஈரானோட கோம் ஊர்ப் பட்டுக் கார்பெட், நெய்யவே வருஷக்கணக்கு ஆகியிருக்கும், அதை நெய்த அம்மாவுக்கும் இந்தச் சண்டைக்கும் என்னங்க சம்பந்தம். விக்கிறது குறைஞ்ச அந்த வருஷங்கள்ல கடை வாடகையைக் கட்டுனது எங்க ரிப்பேர் ரூம்தான். இதை நான் பெருமையாவே சொல்லிக்குவேன்.

கேள்வி: கார்பெட்டுன்னாலே குழந்தைத் தொழிலாளர்தானே? எப்படி மனசு வந்து வாங்கறது? (வாசகி, சென்னை)

நியாயமான கேள்வி, சுத்தி வளைக்காம சொல்றேன். ஈரான் சட்டப்படி 15 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கக் கூடாது, ஆனா வீட்டோட நடக்கிற குடும்பத் தறி தொழிலாளர் சட்டத்துக்கு வெளிய நிக்குது, அதனால வீட்டுக்குள்ள பிள்ளைங்க தறியில உக்காரலன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. சின்ன விரல்தான் நல்ல முடிச்சு போடும்ங்கிறது பச்சைப் பொய், நான் பாத்ததுலயே நுணுக்கமான முடிச்சு போட்டது 60 வயசு தாண்டுன அம்மாதான். நம்ம நாட்டு மிர்சாபூர், பதோஹி கார்பெட்லயும் இந்தப் பாவம் இருந்துச்சு, அதுக்காகத்தான் கைலாஷ் சத்யார்த்தி 1994ல ரக்மார்க்குனு முத்திரையை ஆரம்பிச்சாரு, இப்ப குட்வீவ்னு பேரு. இந்தியா, நேபாளக் கார்பெட்டுன்னா அந்த முத்திரையைக் கேளுங்க. ஈரான் கார்பெட்டுன்னா எந்த ஊர், யார் நெய்ததுன்னு கடைக்காரரைக் கேளுங்க, நல்ல குடும்பக் கடைக்கு அது தெரிஞ்சிருக்கும். மனசு ஒப்பலைன்னா ஏற்கனவே இருக்கிற பழசை வாங்கி ரிப்பேர் பண்ணிப் போடுங்க.

கேள்வி: வீட்லயே துவைக்கலாமா? மழைக்காலத்துல பூச்சி வருது. (வாசகி, நாகர்கோவில்)

மொட்டை மாடியில போட்டு சர்ப் பவுடர் கொட்டித் துவைக்காதீங்க அம்மா. ஈரான்ல நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முன்னாடி வீட்டையே புரட்டிச் சுத்தம் பண்ணுவாங்க, தெஹ்ரான் பக்கம் ரேய்ல சஷ்மே அலின்னு ஒரு ஊத்து இருக்கு, அங்க கார்பெட்டைக் கழுவிப் பாறை மேல விரிச்சுக் காயப்போடறது ரொம்ப காலம் பழக்கமா இருந்துச்சு. ஆனா அங்க காத்து வறட்சி, வெயில்ல சட்டுனு காஞ்சிடும். நாகர்கோவில் ஐப்பசியில காயாது, அடியில பருத்தி இத்துப் போகும். நல்ல வெயில் காலத்துல, வேலை தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. காபி கொட்டுனா உடனே பருத்தித் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, சுடுதண்ணியும் பிளீச்சும் கூடவே கூடாது.

பூச்சி அரிக்கிறது கம்பளியை, அதுவும் இருட்டா, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல. அந்துப்பூச்சி திங்காது, அதோட புழுதான் திங்கும். சின்ன கார்பெட்டுன்னா பாலிதீன்ல காத்துப் போகாம சுத்தி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, முட்டையோட சாகும், மியூசியத்துலயும் இந்த வழிதான். பெருசுன்னா வாக்குவம் போடறப்ப அடிப்பக்கமும் போடணும், உருட்டி வைக்கிறதா இருந்தா பருத்தி வேட்டியில சுத்துங்க, பிளாஸ்டிக்ல வேண்டாம். கார்பெட் மேல சோபா போட்டிருந்தா, நாளைக்குக் காலையில ஒரு ஆளைக் கூட வெச்சு அதை நகர்த்திட்டு அதுக்கு அடியில இருக்கிற மூலையை மட்டும் திருப்பிப் பாருங்க, வெள்ளையா சின்ன கூடு மாதிரி ஒட்டியிருந்தா போட்டோ எடுத்து அடுத்த இதழுக்குள்ள எனக்கு அனுப்பி வைங்க.